கைபேசி: ஸ்டாண்டிலா, டேஷ்போர்டு பெட்டிக்குள்ளா?

டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய்வரும் தம்பிமார் அடிக்கடி கேட்பது இது: போனை ஸ்டாண்டில் மாட்டிப் பேசலாமா, சத்தத்தை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவதா?

சட்டம்: தென்னாப்பிரிக்காவில் ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவது குற்றம். ஸ்டாண்டுக்குத் தடையில்லை.

செலவு: ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் ராண்ட், பெட்டிக்கு ஒன்றுமில்லை.

திருட்டு: ரோபோவில் (போக்குவரத்து சிக்னலில்) நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பிடுங்குகிறார்கள். பெட்டிக்குள் இருந்தால் கண்ணில் படாது.

கவனம்: எனக்கு இதுதான் பெரிது. 120 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 33 மீட்டர் ஓடுகிறோம். மூன்று நொடி திரையைப் பார்த்தால் 100 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகும். என்3 நெடுஞ்சாலையில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருகே டவுன் ஹில் (Town Hill) என்ற மலை இறக்கத்தில், மூடுபனியில், முன்னே போகும் லாரி பிரேக் போட்டால் என்ன செய்வீர்கள்? கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தாலும் மனம் பேச்சில் இருந்தால், கண்ணெதிரே இருப்பதும் உறைக்காது. ஸ்டாண்டு கையை விடுவிக்கும், மனதை விடுவிக்காது.

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்கும் புது ஊருக்குப் போகிறவர்களுக்கும் ஸ்டாண்டு தேவை. கிளம்பும் முன்பே முகவரியைப் போட்டுக் குரலை மட்டும் கேளுங்கள், அழைப்பு வேண்டாம். தினமும் ஒரே பாதையில் போகிறவர்களுக்குப் பெட்டியே போதும். வண்டியில் இருக்கும்போது எடுக்கமாட்டேன் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.