தொலைந்த சாவி: சிப் எழுதுவதா, பைபாஸ் போடுவதா?

தை அமாவாசையன்று அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் முங்கி எழுந்தேன். வேட்டி மடியில் சொருகியிருந்த கார் சாவியைக் காணவில்லை. அரை மணி நேரம் தண்ணீருக்குள் துழாவியும் எள்ளும் பூவும்தான் கையில் வந்தன. வண்டி 2009 மாடல் ஸ்விஃப்ட். இரண்டாம் கையாக வாங்கும்போதே ஒரு சாவிதான் கொடுத்தார்கள். ஆக, இப்போது ஒன்றுமே இல்லை.

அம்பாசடர் காலமாக இருந்தால் இரண்டு ஒயரை முடிச்சுப் போட்டு ஓட்டி வந்திருக்கலாம். இதில் அது நடக்காது. சாவியின் கறுப்புத் தலைக்குள் புளியங்கொட்டையில் பாதி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தரும் சக்தியிலேயே விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் வண்டியை ஓட விடும். இந்தத் திருட்டுத் தடுப்புக்குப் பொதுப்பெயர் இம்மொபிலைசர், மாருதிக்காரர்கள் ஐகேட்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிப் இல்லாத டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கும், ஸ்டார்ட்டரையும் சுற்றும். வண்டி மட்டும் கிளம்பாது.

எனக்கு இருந்தவை மூன்று வழிகள். ஷோரூமைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்.சி.யையும் அடையாள அட்டையையும் காட்டினால் சேசிஸ் எண்ணை வைத்துச் சாவி வரவழைத்துத் தருவார்கள். எனக்குச் சொன்ன தொகை 14,000 ரூபாய், பத்து நாள் காத்திருக்க வேண்டும். வண்டியையும் அங்கே கொண்டுபோக வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி ராமநாதபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர், ரிகவரி வண்டி வாடகை தனி. புது வண்டி, முழு இன்சூரன்ஸ், அதிலும் சாவிக்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்றால் யோசிக்காமல் ஷோரூமுக்கே போகலாம். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் உள்ள என் பழைய வண்டிக்கு அது கட்டுப்படியாகாது. நான் விலை கேட்டதோடு சரி.

பைபாஸ்தான் எல்லோரும் முதலில் சொன்னது. உள்ளூர் எலக்ட்ரீஷியன், "அண்ணே, 2,000 கொடுங்க, இந்தச் சாவித் தொல்லையே இருக்காது" என்றார். இம்மொபிலைசரிலிருந்து ஈசிஎம்முக்குப் போகும் ஒயரை வெட்டி, நடுவே ஒரு சின்னப் பெட்டியைச் சேர்ப்பார்கள். யார் சாவி போட்டாலும் 'சரியான சாவிதான்' என்று அந்தப் பெட்டி ஈசிஎம்முக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். திருட்டுத் தடுப்பு அதோடு போயிற்று. பதினைந்து வருஷ வண்டியை எவன் திருடப் போகிறான் என்று நானும் நினைத்தேன். ஆகவே எனக்கு அது பெரிய காரணமாகப் படவில்லை.

தயங்க வைத்தது மண்டபம் ஊரில் மீன் வியாபாரம் செய்யும் மச்சானின் வண்டி. அவரும் சாவி தொலைத்துவிட்டு இந்தப் பெட்டியைத்தான் போட்டார். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் ஒரு குறையும் இல்லை. வாடை திரும்பி, கார்த்திகை மழை விட்டு, மார்கழிப் பனி இறங்கியதும் விடிகாலை ஏலத்துக்குப் போக வண்டி கிளம்பாது. பத்து மணி வெயில் ஏறினால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி மாற்றினார், பிளக் மாற்றினார். கடைசியில் டேஷ்போர்டுக்குக் கீழே டேப்பைப் பிரித்தால் ஒட்டுப்போட்ட செம்புக் கம்பி முழுக்கப் பச்சைக் களிம்பு.

நம் கடற்கரையில் உப்பு சும்மா படிந்து கிடப்பதில்லை, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். கையால் முறுக்கி டேப் சுற்றிய ஒட்டுக்குள் அந்த ஈரம் புகுந்தால் களிம்பு பிடிக்கும், மின்சாரம் போக வழி குறுகும். ஹெட்லைட் ஒயரில் இப்படி ஆனால் வெளிச்சம் மங்கும், உடனே தெரிந்துவிடும். இந்த ஒயரில் ஓடுவதோ மிக மெல்லிய சிக்னல். அது கொஞ்சம் சிதைந்தாலும் சாவியே இல்லை என்று ஈசிஎம் முடிவு கட்டிவிடும். ஒயர்களை இணைக்கும் கம்பெனி கப்ளரும் களிம்பு பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, துடைத்து மாட்டலாம். வெட்டி ஒட்டிய இடத்தை மறுபடி வெட்டித்தான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒயர் ஒரு விரல் குறையும்.

ஒயரை வெட்டாமல் ஈசிஎம் மென்பொருளிலேயே இம்மொபிலைசரை அணைத்துவிடுவதும் உண்டு. அதற்கு இந்தக் களிம்புக் கதை பொருந்தாது. அப்படிச் செய்த வண்டி எதையும் நான் ஓட்டியதில்லை, அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

கடைசியில் மதுரையிலிருந்து ஒரு சாவிக்காரரை வரவழைத்தேன். பஸ்ஸில் வந்தார், தோள்பையில் எல்லாம் இருந்தது. கதவுப் பூட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகடுகளின் உயரம் பார்த்து பல் வெட்டாத பிளாங்க் சாவியை வெட்டினார். பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரோடு பேச மெஷின் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் மெஷினை மாட்டி, புதுச் சிப்புகளின் எண்ணை வண்டிக்குப் பழக்கினார். ஒரு ஒயரைக்கூட வெட்டவில்லை. வண்டி நின்ற இடத்திலேயே இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. இரண்டு சாவிக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து 6,500 ரூபாய். ஒரு சாவியாவது மிச்சம் இருந்திருந்தால் இன்னும் குறைவாக முடிந்திருக்கும். எல்லாச் சாவியும் போன வண்டிக்குத்தான் வேலை கூடுதல்.

ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் கேட்டு வாங்குங்கள்: பழைய சாவிகளின் எண்ணை அழிக்கச் சொல்லுங்கள். பதிவான சாவி எத்தனை என்று மெஷின் திரையில் காட்டச் சொல்லுங்கள். என்னுடையதில் 2 என்று வந்த பிறகுதான் பணம் கொடுத்தேன். கடலில் போன சாவி யார் கையில் கிடைத்தாலும் இனி கதவைத் திறக்கலாம், வண்டியை ஓட்ட முடியாது. விற்கும்போதும் "இரண்டு சாவி இருக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உங்கள் சாவி கடலில் விழுந்து திரும்பக் கிடைத்துவிட்டால் உடனே தூக்கிப் போட வேண்டாம். நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போட்டுப் பாருங்கள். ரிமோட் செத்திருக்கலாம், சிப் மூடி அடைத்தது என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். "பாப்போம் மாப்ள" என்றார். பெட்டி இன்னும் அவர் வண்டியில்தான் இருக்கிறது. மார்கழி மாதம் மட்டும் ஏலத்துக்கு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போகிறார்.