நவம்பர்ப் பனி முகாமுக்குப் பணம் கட்டுவதற்கு முன்: வுவோகாட்டியில் எங்களுக்கு நடந்தது

பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் விளையாட்டைப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும், இந்த விளையாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் இளையோருக்காகவும் இதை எழுதுகிறேன். கடந்த நவம்பரில் பின்லாந்தின் வுவோகாட்டியில் ஒன்பது நாள் பனிப் பயிற்சி முகாம் என்று நம்பி, எனக்கும் என் மகளுக்குமாக 31,600 நோர்வே குரோனர் கட்டினோம். தடத்தின் அருகே தங்குமிடம், தடத்துக்கான அனுமதிச் சீட்டு, நாள்தோறும் சுடுதளத்தில் இரண்டு மணிநேரம், துப்பாக்கியை விமானத்தில் கொண்டுசெல்வதற்கான ஏற்பாடுகள் அனைத்தும் அதில் அடக்கம் என்று சொல்லப்பட்டது. விமானச் சீட்டையும் தலைக்கு மேல் ஒரு கூரையையும் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. பணம் பெற்றவர் இந்த ஆண்டும் அதே முகாமுக்கு ஆள் சேர்க்கிறார் என்று கேள்விப்பட்டதால்தான் எழுதத் துணிந்தேன்.

நவம்பரில் இவ்வளவு செலவழித்துப் பனியைத் தேடிப் போக வேண்டுமா என்று உறவினர் பலர் கேட்டார்கள். அதற்குப் பதில் சொன்னால்தான் எங்கள் இழப்பு விளங்கும். குறைந்தது 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்து பனியில் சறுக்கி வந்து, மூச்சு வாங்கும் நிலையிலேயே 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட்டு விழுத்துவதுதான் பயத்லான். படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர்; நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். ஒஸ்லோவில் வளர்ந்த என் மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. கோடை முழுவதும் ஹோல்மென்கொல்லன் தார்த்தடத்தில் சக்கர ஸ்கீயில் பயிற்சி செய்தாள். ஆனால் தாரில் பழகிய கால் பனியில் வேறு விதமாகச் சமநிலை தேடும். கடுங்குளிரில் தோட்டாவின் வேகம் குறைந்து குறி சற்றே கீழிறங்கும். விறைத்த விரல் துப்பாக்கியின் விசையை உணரும் விதமே மாறிவிடும். முதல் போட்டிக்கு முன் இவற்றையெல்லாம் உடம்புக்குப் பழக்கிக்கொள்ள நவம்பரில் இரண்டு மூன்று வாரங்களே வாய்க்கின்றன. ஒஸ்லோவுக்கு அருகே லோரென்ஸ்கூக்கில் 2020இல் திறக்கப்பட்ட ஸ்னோ என்ற பனிச்சறுக்கு உள்ளரங்கில் சறுக்கலாம் என்றாலும், காற்றிலும் குளிரிலும் சுட்டுப் பழக அது உதவாது.

வுவோகாட்டியில் முந்தைய குளிர்காலத்துப் பனியைக் கோடை முழுவதும் மூடிச் சேமித்துவைத்து, ஒக்டோபரிலேயே தடத்தில் பரப்பிவிடுகிறார்கள். சறுக்குச் சுரங்கம் ஒன்றும் இருக்கிறது. உலகக் கோப்பைப் பருவம் 2022, 2024 ஆண்டுகளில் பின்லாந்தின் கொந்தியோலாதியிலும், 2023, 2025 ஆண்டுகளில் சுவீடனின் ஒஸ்தர்சுந்திலும் நவம்பர் கடைசியில் தொடங்கியது. ஆகவே அதற்கு முந்தைய வாரங்களில் பல நாட்டு அணிகளும் இந்த வட நாட்டுத் தடங்களையே நாடி வருகின்றன. முன்பதிவு இல்லாதவருக்கு அந்த நேரத்தில் சுடுதளத்தில் இடம் கிடைப்பது அரிது. இந்த நெருக்கடியைத்தான் எங்களிடம் பணம் பெற்ற முகாம்காரர் விற்பனைப் பொருளாக்கினார் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

செப்டம்பரில், மகளின் கழகத்துப் பெற்றோர் ஒருவர் வழியாக முகாம்காரரின் அறிவிப்பு எங்களிடம் வந்தது. தொலைபேசியில் பேசியபோது அவர் தோட்டாத் தொகுதி, மெழுகு, ஸ்கீயின் அடித்தளம் என்று எல்லாம் அறிந்தவராகத் தெரிந்தார். சுடுதளத்தில் எங்கள் பெயருக்கு இடம் உறுதியானதற்கான கடிதத்தைக் கேட்டேன். "குழுவாகப் பதிவு செய்திருக்கிறோம், தனித்தனிக் கடிதம் வராது" என்றார். ரசீது கேட்டதற்குப் பயணம் முடிந்தபின் தருவதாகச் சொன்னார். முழுத் தொகையையும் தம் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். அந்த மூன்று பதில்களில் ஏதேனும் ஒன்றிலாவது நான் நிதானித்திருக்க வேண்டும்.

முதல் அடி ஒஸ்லோ விமான நிலையத்திலேயே விழுந்தது. துப்பாக்கியோடு எல்லை கடக்கத் தேவையான ஐரோப்பிய ஆயுதக் கடவுச்சீட்டை மகள் காவல்துறையிடம் தானே விண்ணப்பித்துப் பெற்றிருந்தாள், அதில் குறையில்லை. ஒன்பது நாளுக்கு நாளொன்றுக்கு எண்பது தோட்டா என்று கணக்கிட்டு, சற்றுக் கூடுதலாக, ஐம்பது கொண்ட பதினாறு பெட்டிகளைத் துப்பாக்கியிலிருந்து தனியாக வைத்துப் பூட்டியிருந்தோம். ஒரு பயணிக்கு அனுமதிக்கப்படும் 5 கிலோவுக்கு அது மிகவும் குறைவு. ஆனால் துப்பாக்கியும் தோட்டாவும் பயணப்பொதியில் வருகின்றன என்று விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே அறிவித்துச் சம்மதம் பெற்றிருக்க வேண்டும். அதைத் தாம் செய்துவிட்டதாக முகாம்காரர் இரண்டு முறை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். முகப்பில் இருந்த பெண் எங்கள் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு ஸ்கீப் பைகள் இருந்தன. ஆயுதம் என்ற சொல்லே அதில் இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து, வுவோகாட்டிக்கு அருகிலுள்ள கஜானிக்குப் போவது சிறிய விமானம் என்பதால் அன்றைக்கு ஏற்ற இயலாது என்றும், மறுநாளைக்குக் கோரிப் பார்க்கலாம் என்றும் சொன்னார். துப்பாக்கியை எங்கும் விட்டுவிட்டுப் போக முடியாது. வீட்டுக்குத் திரும்பினோம். முகாம்காரரின் தொலைபேசி இரவு பத்து மணி வரை அணைந்தே கிடந்தது. சீட்டுகளை மாற்றுவதற்கு மேலும் 4,200 குரோனர் எங்கள் கையிலிருந்து போனது. பயிற்சியில் ஒரு நாளும் போனது.

தங்குமிடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தடத்திலிருந்து நடந்துபோகும் தூரம் என்று சொல்லப்பட்ட மரவீடு 23 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. வாடகைக் கார் எடுத்தோம். தடத்துக்கான சீட்டையும் நாங்களே மீண்டும் வாங்கினோம்.

என்னை உண்மையில் வருத்தியது சுடுதளம்தான். மறுநாள் காலை அங்கிருந்த பொறுப்பாளர் அன்றைய அட்டவணைத் தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்தார். மணிநேரம், சுடுபவர் இடம் பிடிக்கும் பாதையின் எண், அணியின் பெயர் என்று தாள் முழுக்க எழுத்து. எங்கள் பெயரோ முகாம்காரரின் பெயரோ அதில் இல்லை. அடுத்த வாரத்துத் தாளையும் எடுத்துப் பார்த்தார், அதிலும் இல்லை. அப்படியொருவர் தங்களைத் தொடர்புகொண்டதாகவே பதிவில்லை என்று வருத்தத்தோடு சொன்னார். அந்த மனிதருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். மாலை அணிகள் போனபின், கடைசி இரண்டு பாதைகளில் நாற்பது நிமிடம் சுட இடம் தந்தார்.

நவம்பர் நடுவில் அங்கே மூன்றரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது. விளக்கொளியில், கழித்தல் 14 பாகையில், மகள் படுத்துத் துப்பாக்கியைக் குறிசரிசெய்யத் தொடங்கினாள். நான் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்த்தேன். முதல் ஐந்தும் ஒரு நாணயத்தால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில், ஆனால் இலக்கின் கீழ் இடப்பக்கமாக விழுந்திருந்தன. குறிகாட்டியின் திருகைத் திருப்பினாள், அடுத்த ஐந்து சிதறின. கையுறையைக் கழற்றி விரல்களை வாயருகே வைத்து ஊதினாள், மறுபடியும் சுட்டாள். துப்பாக்கி ஒருவாறு சரியாகும்போது நாற்பது நிமிடமும் முடிந்துவிட்டது. சறுக்கி வந்து இதயம் அடித்துக்கொள்ளும்போது சுடும் பயிற்சிக்கு, அதாவது நாங்கள் அவ்வளவு தூரம் வந்ததன் நோக்கத்துக்கு, நேரமே இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "விடுங்கோ அம்மா, நாளைக்குப் பாப்பம்" என்றாள். எட்டு நாளில் இப்படி மூன்று மாலைகள் மட்டுமே கிடைத்தன. பதினாறு பெட்டியில் பதினொன்று திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பின.

இரண்டு வாரம் கழித்து நடந்த முதல் ஸ்பிரிண்ட் போட்டியில் அவள் நின்று சுட்டதில் மூன்றைத் தவறவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்றைக் கூடுதலாகச் சறுக்க வேண்டும். அதை முழுவதுமாக முகாம்காரர் தலையில் சுமத்த மாட்டேன். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதே நேரத்தில் பனியில் நின்று சுட்டுப் பழகியிருந்த பிள்ளை, அந்த ஆண்டு பழகாமலே போட்டிக் கோட்டில் நின்றாள் என்பது உண்மை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "வானிலையும் தடத்தின் நிர்வாகமும் எங்கள் கையில் இல்லை" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு பதிலே இல்லை. நுகர்வோர் அதிகாரசபையிடம் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிவு வரவில்லை. அப்போது அறிந்துகொண்டவற்றை மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும். பயணத்தையும் தங்குமிடத்தையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்றால் நோர்வேச் சட்டத்தில் அது தொகுப்புப் பயணம். விற்பவர் பயண உத்தரவாத நிதியத்தில் இணைந்திருக்க வேண்டும், இணைந்தவரா என்பதை எவரும் அந்த நிதியத்திடம் சரிபார்க்கலாம். "நான் பயண முகவர் அல்ல, பயிற்றுநர்" என்ற அவருடைய வாதத்தை நான் அன்று ஏற்றுக்கொண்டேன். கடன் அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடமே என் கோரிக்கையை வைத்திருக்கலாம்; கணக்குக்கு நேரே அனுப்பியதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. துப்பாக்கி அறிவிப்பை வேறெவர் செய்வதாகச் சொன்னாலும், பயணிப்பவரே விமான நிறுவனத்தை அழைத்து, பதிவில் அது ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். சுடுதளத்தின் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதி, நாளும் நேரமும் பாதை எண்ணும் குறித்த பதிலைப் பெறுங்கள். அந்தப் பதில் வராதவரை முற்பணம்கூடக் கட்ட வேண்டாம்.

இந்த நவம்பருக்கு எல்லாவற்றையும் நாங்களே பதிவு செய்திருக்கிறோம். அலுவலகம் அனுப்பிய பதிலை அச்சிட்டு, ஆயுதக் கடவுச்சீட்டோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்: பாதை 24, காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஏழு நாட்கள். சென்ற ஆண்டு அவரிடம் பணம் கட்டிய வேறு குடும்பங்கள் இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்; முறைப்பாட்டின் எண்ணையும் என் ஆவணங்களின் பிரதியையும் தருகிறேன்.