ஸ்மார்ட் போர்டு: சர்வீஸ் முடிந்து வந்த கையோடு

எங்கள் வகுப்பு ஸ்மார்ட் போர்டு, அதாவது சுவரில் மாட்டிய தொடுதிரைப் பேனல், சர்வீஸ் முடிந்து திரும்பி வந்துவிட்டது. வேறொரு பள்ளியில் கணிதம் எடுக்கும் தோழி, "எங்க ஸ்கூல்லயும் வாங்கப் போறாங்க, உண்மையைச் சொல்லு, எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. 75 அங்குலம், அகச்சிவப்பு டச், கூடவே இரண்டு பேனா. மற்ற விவரங்களை விற்பவர்களே மனப்பாடமாக ஒப்பிப்பார்கள்.

முதலில் பழுது. யாரும் தொடாமலே மேல் மூலையில் ஒரு கோடு விழ ஆரம்பித்தது. இந்த வகைப் பேனலில் கண்ணாடிக்குத் தொடுவுணர்வு கிடையாது. சுற்றியுள்ள சட்டத்தில் ஒரு பக்கம் வரிசையாக அகச்சிவப்பு எல்இடிகள், எதிர்ப்பக்கம் அந்த ஒளியை வாங்கும் உணரிகள். குறுக்கே எது வந்து ஒளியை மறைத்தாலும் அங்கே ஒரு புள்ளி என்று எடுத்துக்கொள்ளும். விரல் பட்டாலும் சரி, சட்டைக் கை பட்டாலும் சரி, சட்டத்தில் சாக்பீஸ் தூள் அடைந்தாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான். துடைத்துப் பார்த்தோம், கேட்கவில்லை. ஒரு பக்கத்து உணரிப் பட்டையையே மாற்ற வேண்டியதாயிற்று. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. மின்சாதனம் என்றால் பழுதாகத்தான் செய்யும்.

என் கோபம் வேறு. பேனல் இல்லாத நாட்களில் பக்கத்துக் கரும்பலகையில் பாடம் எடுத்தபோதுதான் அது என்னவென்று பிடிபட்டது.

பேனலில் இடம் போதாது. 75 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் சுமார் 166 சென்டிமீட்டர், உயரம் 93தான். கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற மாதிரி எழுதினால் ஏழெட்டு வரி தேறும். இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தை வர்க்கப் பூர்த்தி முறையில் வருவிக்கிறேன் என்று வை. இரண்டு பக்கமும் கூட்டுகிறோமே ஓர் உறுப்பு, அது எங்கிருந்து வந்தது என்பதில்தான் பிள்ளைகள் தடுக்குவார்கள். வர்க்கமூலம் எடுக்கும் கட்டம் வருவதற்குள் அந்த வரி முந்தின பக்கத்துக்குப் போயிருக்கும். "டீச்சர், முந்தின பக்கம்!" போவேன். ஒருத்தி பார்த்து முடிப்பதற்குள் இன்னொருவன், "டீச்சர், அடுத்த பக்கம்!" எழுத்தைச் சுருக்கினால் பின்வரிசைக்குத் தெரியாது. திரையை இரண்டாகப் பிரித்தால் இருக்கிற இடமும் பாதியாகிவிடும்.

கரும்பலகையில் முதல் வரி இடது மேல் மூலையிலேயே நிற்கும். நடுவில் கவனம் சிதறிய பிள்ளை யாரையும் கேட்காமல், கண்ணாலேயே திரும்பிப் போய் விட்ட இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பேனலில் அதே பிள்ளை வாய் திறந்து கேட்டாக வேண்டும். கேட்கிற பிள்ளைகள் எப்படியும் கேட்டுவிடும். கேட்காத பிள்ளைகள்தான் எனக்குக் கவலை. கற்கும்போது மனதில் ஏறும் சுமையைப் பற்றி கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1988-லேயே எழுதினார். அந்த வழியில் பின்னால் வந்த ஆய்வுகள், கண்முன் தோன்றி மறைந்துவிடும் தகவல் செயல்நினைவுக்கு, அதாவது அந்த நேரத்துக்கு மனதில் பிடித்து வைத்திருக்கும் நினைவுக்கு, கூடுதல் பாரம் என்கின்றன. மறைந்த வரியையும் தலையில் வைத்துக்கொண்டே புது வரியைப் புரிந்துகொள்ள வேண்டுமே.

சரி, நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஜியோஜீப்ரா. 2001-ல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய, கணித வரைபடங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் மென்பொருள். எக்ஸ் வர்க்கத்தின் கெழுவுக்கு, அதாவது அதன் முன்னால் நிற்கும் எண்ணுக்கு, ஒரு ஸ்லைடர் வைத்து, ஒரு பையனை வந்து இழுக்கச் சொன்னேன். மதிப்பு ஏற ஏறப் பரவளையம் குறுகியது. குறைத்துக்கொண்டே வந்தான், விரிந்துகொண்டே போனது. பூஜ்ஜியத்தில் வளைவு காணாமல் போய் நேர்கோடு! அதைத் தாண்டியதும் கவிழ்ந்தது. "திரும்பப் பூஜ்ஜியத்துக்கு வா, திரும்பப் பூஜ்ஜியத்துக்கு வா" என்று வகுப்பே கத்தியது. கெழு பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது என்று புத்தகத்தில் ஓரமாகக் கிடக்கும் நிபந்தனையை அன்றைக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. இதற்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போதாதா என்றால், காட்டுவதற்குப் போதும். அந்தப் பையன் தன் விரலால் இழுத்தானே, அதற்குப் போதாது.

அப்புறம், எழுதியதைச் சேமித்து வராத பிள்ளைகளுக்கு அனுப்ப முடிகிறது. பெரிய உதவி. ஆனால் பாடவேளை தொடங்கும்போது பார்த்துப் பேனல் அப்டேட் கேட்பது பெரிய இம்சை.

இதனால் மதிப்பெண் ஏறும் என்று விற்க வருகிறவர்கள் சொன்னால் தலையாட்டிவிடாதே. பள்ளிகளில் கணினிக்கும் இணையத்துக்கும் நிறையச் செலவழித்த நாடுகளில்கூட, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசத் தேர்வான பிசாவின் முடிவுகளில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை என்று, அந்தத் தேர்வை நடத்தும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பான ஓஇசிடி 2015-லேயே அறிக்கை வெளியிட்டது.

நிதானமாக யோசித்தால் நல்ல கருவிதான். அந்தப் பரவளைய வகுப்பு ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் நீ இன்றைக்குக் கேட்கிறாய். இன்று மூன்றாம் பாடவேளை முழுக்க முன்னும் பின்னும் பக்கம் புரட்டியே போனது. அதனால் என் பதில்: வேண்டாம்.

வாங்கியே தீருவார்கள் என்றால் கரும்பலகையைக் கழற்ற மட்டும் விடாதே. மாட்ட வருகிறவர்கள் சுவரின் நடுவில்தான் மாட்டுவோம் என்பார்கள், ஓரத்தில் மாட்டச் சொல். ஜன்னல் வெயில் நேராகச் சட்டத்தில் விழாத பக்கமாக இருக்கட்டும், வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, டச் தடுமாறும். பக்கத்தில் கரும்பலகை இருந்தால் தூள் அடையுமே என்பார்கள். அடையும்தான். உலர்ந்த துணியால் சட்டத்தின் உள்விளிம்பை வாரம் ஒருமுறை துடைத்துக்கொள்.