"உப்புத் தண்ணிக்கும் வரும்" என்று சொல்லி வண்டியில் செடி விற்கிறார்கள், கவனம்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் புதிதாக வீடு கட்டி, வாசலில் நாலு செடி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எனக்குப் போனது 2,900 ரூபாய். பணத்தைவிட, இரண்டு வருடம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியது வீணாகப் போனதுதான் மனதை அறுக்கிறது.

எங்கள் வீடு உச்சிப்புளிப் பக்கம், கடலுக்கு ஒரு கிலோமீட்டர் கூட இருக்காது. மணல் தரை, போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். இரண்டு வருடத்துக்கு முன் மாசி மாதத்தில் ஒரு மினி லாரி தெருவுக்குள் வந்தது. நிறையச் செடி, பூத்துக் குலுங்கும் ரோஜா, காயோடு நிற்கும் எலுமிச்சை. பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. "எங்க தண்ணி உப்புங்க" என்று முதலிலேயே சொன்னேன். "அதெல்லாம் கவலையே படாதீங்கக்கா, எல்லாம் ஒட்டு ரகம், உப்புத் தண்ணிக்கும் வரும், ரெண்டே வருஷத்துல மாங்கா பறிக்கலாம்" என்றார் வண்டிக்காரர். ஒட்டு என்றால், ஒரு கன்றின் தண்டில் நல்ல ரக மரத்தின் கிளையை இணைத்து வளர்ப்பது.

மா இரண்டு, சப்போட்டா ஒன்று, ரோஜா நாலு, தென்னங்கன்று இரண்டு. கூடவே, மண்ணில் உப்பை முறிக்கும் என்று சொல்லி 650 ரூபாய்க்கு ஒரு பை வெள்ளைப் பொடி. ரசீது கேட்டதற்கு ஒரு கார்டைக் கொடுத்தார். அந்த எண் பத்து நாளில் அணைந்துவிட்டது.

ரோஜா பங்குனி தாண்டவில்லை. காய்ந்த செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் களிமண் உருண்டைக்குள் அப்படியே இருக்கிறது, ஒரு வேர் கூட வெளியே வரவில்லை. தரையிலிருந்து தோண்டி, வேரை நறுக்கி, களிமண்ணில் உருட்டிப் பைக்குள் திணித்து விற்றிருக்கிறார்கள். நம் மணலில் அந்த உருண்டை வெயிலில் செங்கல் மாதிரி இறுகிவிடுகிறது, ஊற்றும் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு கீழே போய்விடுகிறது. வாங்குவதற்கு முன் செடியின் அடித்தண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். பையோடு சேர்ந்து ஆடினால் வேர் பிடித்திருக்கிறது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாங்கன்று சாகவில்லை. ஆனால் இலை நுனியும் ஓரமும் தீய்ந்துகொண்டே வந்தன. அப்போது தங்கச்சிமடத்திலிருந்து என் கணவருக்கு அண்ணன் முறையாகும் ஒருவர் வந்திருந்தார். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து வாங்கிப் போகும் மல்லிகைப் பதியன் போடுவதுதான் அவர் தொழில். குனிந்து தண்டைப் பார்த்தவர், "ஏத்தா, இந்த டேப்ப அவுத்துப் பாத்தியா?" என்றார். நான் தொட்டதே இல்லை, அவிழ்த்தால் ஒட்டு பிரிந்துவிடும் என்று வண்டிக்காரர் பயம் காட்டியிருந்தார். அண்ணன் பிளேடால் கீறி அவிழ்த்தார். உள்ளே ஒட்டே இல்லை! கொட்டை போட்டு முளைத்த நாட்டுக் கன்று, அதன் மேல் டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். இரண்டு கன்றிலும் அதே கதைதான்.

உண்மையான ஒட்டில், மண்ணுக்கு ஒரு சாண் மேலே சாய்வாகவோ ஆப்பு மாதிரியோ ஒரு தழும்பு தெரியும். அதற்குக் கீழே உள்ள தண்டும் மேலே உள்ள தண்டும் நிறத்திலோ பருமனிலோ கொஞ்சம் வித்தியாசப்படும். விற்பனைக்கு வரும் வயதில் அந்த இடம் ஆறி ஒன்றாகியிருக்கும், டேப்பை அவிழ்த்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. அவிழ்க்காமல் விட்டால்தான் தண்டு பருக்கும்போது நெரிக்கும். கொட்டை போட்ட மா காய்க்க ஆறேழு வருடமாவது ஆகும், காயும் தாய் மரத்தைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது.

சப்போட்டாவில் நடந்தது வேறு. அது நிஜ ஒட்டுதான், ஆனால் மேலே இருந்த சப்போட்டாக் கிளை எப்போதோ பட்டுப்போய், அடியிலிருந்து கிளம்பிய துளிரைத்தான் நான் ஒரு வருடம் வளர்த்திருக்கிறேன். சப்போட்டாவைப் பாலை மரத்துக் கன்றின் மேல்தான் ஒட்டுவார்கள். சப்போட்டா இலை நுனி கூராக இருக்கும், பாலை இலை நுனியில் சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். எந்த ஒட்டுச் செடியிலும் தழும்புக்குக் கீழே துளிர் வந்தால் அன்றே கிள்ளிவிடுங்கள். நான் கிள்ளவில்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. இப்போது அது பாலை மரமாகவே நிற்கிறது. வெட்ட மனம் வரவில்லை, பாலைப் பழம் குழந்தைகள் தின்பார்கள்.

தென்னை மட்டும் தப்பித்தது. அதையும் 'ஒட்டுத் தென்னை' என்று விற்றார். தென்னையில் ஒட்டுக் கட்டவே முடியாது. நெட்டையையும் குட்டையையும் மகரந்தம் சேர்த்து எடுக்கும் கலப்பினம்தான் உண்டு, அதுவும் தேங்காயிலிருந்துதான் முளைக்கும். என்னுடையது என்ன ரகமோ, பாளை விட்டால்தான் தெரியும்.

அப்புறம் அந்தப் பொடி. மூன்று தடவை போட்ட பிறகுதான் புத்தி வந்து, பரமக்குடி மண் பரிசோதனை நிலையத்துக்குத் தண்ணீரும் மண்ணும் கொண்டுபோனோம். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத் திறன் (dS/m கணக்கில்) 4.2. 0.7-க்குக் கீழே இருந்தால் எதற்கும் பயமில்லை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகளுக்குச் சிரமம் என்று விளக்கினார்கள். தண்ணீரில் கரைந்த உப்பை எந்தப் பொடியும் முறிக்காது, நல்ல தண்ணீர் வேருக்குக் கீழே கழுவிக்கொண்டு போனால்தான் உண்டு. ஜிப்சம் கூட சோடியம் ஏறிக் கெட்ட களர் மண்ணுக்குத்தான், உப்பு கரைந்து சேர்ந்த நம்முடைய உவர் மணலுக்கு அது மருந்தில்லை. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரையும் செடிக்கு ஊற்ற வேண்டாம், அதில் உப்பு இன்னும் கூடுதல். இது முன்பே தெரிந்திருந்தால் இந்தத் தண்ணீரை நம்பி ரோஜாவையும் மாவையும் வாங்கியிருக்கவே மாட்டேன், இரண்டுமே உப்பு தாங்காதவை. அதனால் செடிக்கு முன்னால் தண்ணீரைச் சோதித்துவிடுங்கள்.

இப்போது வாசலில் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி, பின்னால் முருங்கை, நெல்லி. எல்லாம் புரட்டாசிக் கடைசியில் நட்டவை, ஐப்பசி கார்த்திகை மழை உப்பைக் கழுவிக்கொண்டு போக, அதற்குள் வேர் பிடித்துவிட்டது. கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் பக்கம் பனை மட்டையில் வேலி கட்டியிருக்கிறேன், அது இல்லாவிட்டால் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து இளந்தளிரைக் கருக்கிவிடும். ஒட்டு மா வேண்டுமென்றால் ஓரியூர் அரசு தோட்டக்கலைப் பண்ணையில் விசாரித்துவிட்டு, ரசீதோடு வாங்குங்கள்.

போன வாரம் பெரியபட்டினத்திலிருந்து சின்னம்மா மகள் போன் செய்தாள். "அக்கா, வாசல்ல செடி வண்டி நிக்குது, ஒட்டு மா முன்னூத்தி ஐம்பதுங்கிறார், உப்புத் தண்ணிக்கும் வருமாம், வாங்கட்டா?" என்றாள். டேப்பை அவிழ்த்துக் காட்டச் சொல் என்றேன். அவள் கேட்டது எனக்கும் போனில் கேட்டது. அதற்குப் பதில் வரவில்லை, வண்டி கிளம்பும் சத்தம்தான் வந்தது.