நடுமேடைக்குப் பலாவா, ரப்பர் பலகையா?

மார்த்தாண்டம் பக்கம் சமையலறைக்கு ஒரு மர ஐலண்ட், அதாவது நடுவில் தனியாக நிற்கும் மேடை, சொந்தமாகச் செய்யக் கிளம்பினால் மூன்று மரங்களைச் சொல்வார்கள்: தேக்கு, பலா, ரப்பர். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் முதல்முறை உளி பிடிக்கிறவர் அந்த விலைக்குப் போக வேண்டாம். மீதி இரண்டில் நான் பலாவை எடுத்தேன்.

ரப்பரின் வசதி பெரிது. பால் வற்றிய மரத்தை அறுத்து, மருந்தேற்றி, துண்டுகளைக் கோத்து ஒட்டி, ஒரே தடிமனில் ஷீட்டாகவே விற்கிறார்கள். இழைக்க வேண்டாம், அளவுக்கு அறுத்துத் திருகினால் போதும். அலமாரிக்கும் டிராயருக்கும் நானும் அதையே சொல்வேன்.

மேல்பலகைதான் விஷயம். குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு மழை, அக்டோபரில் வடகிழக்கு. போதாததற்கு மேடையில் தினமும் தேங்காய், மீன், ஈரத்துணி. ரப்பர் மரத்துக்குப் பூச்சியையும் பூஞ்சையையும் தாங்கும் சக்தி இயல்பிலேயே குறைவு. மருந்தும் மேல்பூச்சும்தான் காவல். வழக்கமாக ஏற்றும் போரான் மருந்தோ தண்ணீரில் கரையக்கூடியது. கத்தி பட்டுப் பூச்சு கீறினால் அந்த வழியாக ஈரம் இறங்கி மரம் கறுக்கும். அப்புறம் பலகை முழுவதையும் தேய்த்துத் திரும்பப் பூச வேண்டும்.

பலாவின் வைரத்தை, அதாவது உள்ளே இருக்கும் கெட்டி மரத்தை, கரையான் லேசில் தொடாது. வெளிப்பக்கத்து வெள்ளை மரம் இருக்கிற பலகையை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். என் மேடைக்கு ஆளிவிதை எண்ணெய்தான். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் முடிந்தது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது காயாது, சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள். மேடை இன்னும் பல மழைக்காலம் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பச்சைப் பலா வாங்கினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறக்குறைய ஓராண்டு நிழலில் காய வேண்டும். பழைய வீடு பிரிக்கிற இடத்தில் கிடைக்கும் கதவுப் பலகைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு இழைப்புளி வையுங்கள்.

சட்டமும் தட்டும் ரப்பரில், மேல்பலகை மட்டும் பலாவில் என்றாலும் சரிதான். ஆனால் எந்த மரமும் அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும். அதனால் சட்டத்தில் திருகுத் துளையை அந்தத் திசையில் நீளமாகப் போடுங்கள். பசை வைத்து இறுக்கினால் பலகை வெடிக்கும்.