வரப்புக்கு இருபுறமும் கோதுமை: எருவும் யூரியாவும்

தாளவாடி மலையில் கோதுமையா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விளைகிறது. ஐப்பசிக் கடைசியில் விதைத்தால் மாசியில் அறுவடைக்கு வந்துவிடும். எங்கள் காட்டில் வரப்புக்கு மேற்கே எருவும் பசுந்தாள் உரமும் மட்டும்; கிழக்கே ஹெக்டேருக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் 80:40:40 கிலோ என்ற சிபாரிசுப்படி ரசாயன உரம். இரண்டுக்கும் ஒரே செம்மண், ஒரே கிணறு. சம்பா கோதுமை, குட்டை ரகம் இரண்டையும் இரண்டு பக்கமும் விதைத்துப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இயற்கை விவசாயம் பற்றிய சண்டைகளில் இரு கட்சியும் தொடாமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: தழைச்சத்து (நைட்ரஜன்) பயிருக்கு எந்த நாளில் கிடைக்கிறது?

முதலில் கணக்கு. ஹெக்டேருக்கு 80 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 32 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் 45 கிலோ மூட்டையில் ஒன்றரை போதும். மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக, நானூறு ரூபாய்ச் செலவு. அதே 32 கிலோவைத் தொழுவுரத்தில் எடுக்க வேண்டுமானால், அதில் இருப்பது அரை சதவீதம்தான் என்பதால், ஆறரை டன் வேண்டும். அதிலும் போட்ட பட்டத்திலேயே பயிருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ‘ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம்’ என்று பெரியவர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள்.

கோதுமை அதுவரை பொறுக்காது. விதைத்த இருபதாம் நாளையொட்டி அடிக்கணுவில் புதுவேர் விட்டுத் தூர் கட்ட, அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட, தொடங்கும். அப்போது தண்ணீரும் தழைச்சத்தும் சேர்ந்து கிடைக்க வேண்டும். எங்களுக்கு அது கார்த்திகைக் குளிர். மண்ணில் எருவைச் சிதைத்துத் தரும் நுண்ணுயிர்கள் அந்தக் குளிரில் மந்தமாகிவிடும். கிழக்கே மேலுரம் தூவித் தண்ணீர் கட்டினால் ஒரு வாரத்தில் பயிர் கரும்பச்சையாகிவிடும். மேற்கே அடியிலை மஞ்சளாகி நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கிழக்கே ஐந்தாறு தூர், மேற்கே இரண்டு மூன்று. ஆரம்ப வருடங்களில் மேற்கு விளைச்சல் கிழக்கில் முக்கால் பங்கைத் தொடவே இல்லை. முதல் வருடமே எருவில் அமோக விளைச்சல் என்று யாராவது சொன்னால், அந்த நிலத்தில் அதற்கு முன் என்ன பயிர் இருந்தது, எவ்வளவு உரம் தின்றது என்று கேளுங்கள். முட்டைக்கோசுக்குப் போட்ட உரத்தின் மிச்சமாக இருக்கும்.

இடைவெளியைக் குறைத்தவை இரண்டு. ஆவணியில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பை விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதது ஒன்று. விதைப்புக்கு முன் செம்மறிப் பட்டி போட்டது, அதாவது மந்தையை இரவில் வயலிலேயே அடைத்து வைத்தது, மற்றொன்று. ஆட்டு மூத்திரத்தில் இருக்கும் தழைச்சத்து யூரியாவைப் போலவே சீக்கிரம் பயிருக்குப் போய்ச் சேரும். பட்டி போட்ட பட்டத்தில் தூர் எண்ணிக்கையில் இரு பக்கமும் நெருங்கி வந்தன. மந்தை கிடைக்காத வருடம் பழைய கதைதான்.

மண்ணின் குணத்தில் மேற்குப் பக்கத்துக்குச் சந்தேகமில்லாத வெற்றி. விதைத்த மறுநாள் ஐப்பசி மழை கொட்டினால் கிழக்கே மேல்மண் ஏடு கட்டும். கையால் ஏட்டைப் பெயர்த்தால் முளை வெளியே வர வழியில்லாமல் வளைந்து வெளுத்துக் கிடக்கும். மேற்கே அதே மழை உள்ளே இறங்கிவிடும். தையில் கிணறு வற்றி ஒரு தண்ணீர் தவறினாலும் மேற்குப் பயிர் தாங்குகிறது. களை மட்டும் தொல்லை: அரைகுறையாக மக்கிய எரு வந்தால் பார்த்தீனியமும் சேர்ந்தே வரும், எடுக்கக் கூலி ஆள் கிடைப்பதில்லை.

ரகத்தைச் சொல்லாமல் உரத்தைப் பற்றிப் பேசுவது அரைப் பேச்சு. 1960களில் மெக்சிகோவிலிருந்து வந்த குட்டைக் கோதுமைகள், நிறைய உரம் வாங்கியும் சாயாமல் நிற்பதற்காகவே உருவாக்கப்பட்ட வம்சம். எங்கள் சம்பா நெட்டை. கிழக்கே முழு அளவு யூரியா வாங்கிய சம்பா, பால் பிடிக்கும் நேரத்தில் ஒரு காற்று மழைக்கே படுத்துவிடும். சாய்ந்த கதிரில் பாதி பதர். மேற்கே மெதுவாக வளர்ந்த சம்பா நிற்கிறது. ஆகவே குட்டை ரகத்தில் கிழக்கு முந்துகிறது, சம்பாவில் மேற்கு.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843இல் லாஸும் கில்பர்ட்டும் தொடங்கிய கோதுமைச் சோதனை இன்றும் நடக்கிறது. அங்கே தொழுவுரப் பாத்திக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் எரு. அதன் மண்ணில் கரிமச்சத்து இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. நூறு ஆண்டுக்கும் மேலாக எருப் பாத்தியும் முழு ரசாயன உரம் பெற்ற பாத்தியும் விளைச்சலில் ஏறக்குறைய சமமாகவே இருந்தன. குட்டை ரகங்கள் வந்த பிறகு எருவோடு கொஞ்சம் தழைச்சத்து உரமும் சேர்த்த பாத்திகள் முந்திவிட்டன. ஆனால் ஏக்கருக்கு 14 டன் எருவுக்கு எத்தனை மாடு வேண்டும்? எங்கள் கட்டுத்தரையில் நிற்பவை நான்கு. அங்கேயே எருப் பாத்தியிலிருந்துதான் மழைக்காலத்தில் தழைச்சத்து நைட்ரேட்டாக அதிகம் கசிந்து வீணாகிறது என்பதையும் இயற்கை அன்பர்கள் மறைக்க வேண்டாம்.

விற்பனைப் பக்கம் சுருக்கமாக: இயற்கைச் சான்று வாங்க ஆண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு மாற்றுக்காலம் உண்டு. சான்று இல்லாத கோதுமைக்கு வியாபாரி ஒரு பைசா கூட்டித் தருவதில்லை. சம்பாவுக்கு ரவைக்காரர்கள் நல்ல விலை தருகிறார்கள், ஆனால் கதிரடித்த பின்னும் உமி மணியை விடாது. குத்தி எடுக்கும் செலவு நம் தலையில்.

வரும் ஐப்பசியில் மேற்கே சம்பா மட்டும், சணப்பையும் பட்டியும் போட்டு, யூரியா இல்லாமல். கிழக்கே குட்டை ரகத்துக்கு அடியுரமாக எரு, இருபதாம் நாள் ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா. பட்டிக்காரரிடம் இப்போதே முன்பணம் கொடுத்தாயிற்று.