'இல்லை'யில் டிக் போடச் சொல்பவர்களை நம்பி ராணுவப் படிவத்தை நிரப்பாதீர்கள்

ராணுவத்தில் சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்களா? சின்ன வயதில் எதற்காவது தொடர்ந்து வைத்தியம் பார்த்ததுண்டா? அப்படியானால் இதைப் படித்துவிட்டு மருத்துவப் படிவத்தில் பேனா வையுங்கள்.

எனக்கு ஆறு வயதிலிருந்து பதினொரு வயது வரை வீசிங் இருந்தது. நடு இரவில் நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கும். அம்மா எழுந்து உட்கார்ந்து, இன்ஹேலரை ஸ்பேசரில் பொருத்தி, "மெதுவா இழு, இன்னொரு தடவை" என்பார். பதினொன்றுக்கு அப்புறம் அது தானாக விட்டுப்போனது. பள்ளியில் ஓட்டப்பந்தயமெல்லாம் ஓடினேன். அப்படி ஒன்று இருந்ததே எனக்கு மறந்துவிட்டது.

ஆள்சேர்ப்புக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். ஓட்டமும் தண்டாலும் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'மெடிக்கல் வழிகாட்டுதல்' என்று தனியாக ஒரு கட்டணம் வாங்கினார்கள். அது என்ன வழிகாட்டுதல் தெரியுமா? ஆளுக்கொரு மாதிரிப் படிவம் கொடுத்தார் பயிற்றுநர். வலிப்பு, ஆஸ்துமா, தூக்கத்தில் நடப்பது, படுக்கையை நனைப்பது, மனநலச் சிகிச்சை, ஆபரேஷன் என்று கேள்விகள் வரிசையாக இருந்தன. "மேலேயிருந்து கீழே ஒரே கோடா 'இல்லை'யில் டிக் போட்டுக்கிட்டே இறங்குங்க. கேள்வியைப் படிக்காதீங்க, படிச்சா கை நடுங்கும்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

வகுப்பு முடிந்ததும் தனியாகப் போய்க் கேட்டேன்.

"கடைசியா எப்போ வந்துச்சு?"

"பதினொரு வயசுல, சார்."

"அப்புறம் என்ன? அது நோயே இல்லை. நீயா போய் வாயைக் கொடுக்காதே தம்பி."

அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அமெரிக்கப் படைகளின் விதியையே பாருங்கள்: 13-ஆவது பிறந்தநாளுக்குப் பிறகும் ஆஸ்துமா இருந்திருந்தால்தான் அது தகுதிக்குறைவு. அப்படிப்பட்டவர்களும் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. நாட்டுக்கு நாடு விதி மாறும், சரி. ஆனால் 'இருந்தது' என்பதும் 'இப்போது இருக்கிறது' என்பதும் ஒன்றல்ல என்று படை மருத்துவர்களுக்கு நன்றாகவே தெரியும். பழைய சீட்டுகளோடு உண்மையை எழுதிக் கொடுத்திருந்தால், கூடுதலாக ஒரு நுரையீரல் பரிசோதனை செய்து முடிவெடுத்திருப்பார்கள். வேண்டாம் என்றே சொல்லியிருந்தாலும் வெறுமனே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன், அவ்வளவுதான்.

சொன்னபடியே டிக் போட்டேன். குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன், எல்லாம் சரியாக வந்தது. வீசிங் அடங்கியிருக்கும் நேரத்தில் அந்தப் பரிசோதனை சரியாகத்தான் வரும். அது அப்போது எனக்குத் தெரியாது. பயிற்றுநர் சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

தேர்வாகி, ராணுவப் பயிற்சியில் மூன்றாவது மாதம். விடியுமுன் நல்ல குளிர், நீண்ட ஓட்டம். ஓடும்போது ஒன்றும் ஆகவில்லை. முடித்து வரிசையில் நின்ற ஐந்தாறு நிமிடத்தில் நெஞ்சு இறுகியது. மூச்சை உள்ளே இழுக்க முடிகிறது, வெளியே விட முடியவில்லை. பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். அவன் காதிலும் அந்த விசில் விழுந்திருக்கிறது.

மருத்துவ அதிகாரி அதட்டவெல்லாம் இல்லை. முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக்கொண்டே, "சின்ன வயசுல இன்ஹேலர் அடிச்சிருக்கியா?" என்றார். ஆமாம் என்றேன். பொய் சொல்ல அந்த நேரத்தில் மூச்சும் இல்லை. அவர் என் கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்தார். ஒரே கோடாக 'இல்லை', அடியில் என் கையெழுத்து.

என்னை வெளியே அனுப்பிய காகிதத்தில் காரணமாக ஆஸ்துமா இல்லை. சேர்க்கையின்போது தவறான தகவல் தந்தது என்று இருக்கிறது. எனக்கு இதோடு போயிற்று. இந்திய ராணுவச் சட்டம் 1950-இன் 44-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: சேர்க்கைப் படிவத்தில் தெரிந்தே பொய்யான பதில் தந்தது ராணுவ நீதிமன்றத்தில் உறுதியானால் 5 ஆண்டு வரை சிறை. அமெரிக்க ராணுவச் சட்டத்திலும் ஏமாற்றிச் சேர்வது தனிக் குற்றம். மறைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் இருக்க முடியாது. அங்கே 2022 முதல் ஆள்சேர்ப்புப் பரிசோதனையிலேயே மின்னணு மருத்துவப் பதிவுகளைத் தேடிப் பார்க்கிறார்கள். எப்போதோ வாங்கிய மருந்துச் சீட்டுகூட எதிரே வந்து நிற்கும்.

திரும்பி வந்து மையத்துக்குப் போனேன். அதே பயிற்றுநர், அதே நாற்காலி. "நாங்க எங்கேயாவது எழுத்துல கொடுத்தோமா? கையெழுத்து உன்னுடையதுதானே?" என்றார். வழிகாட்டுதல் கட்டணத்துக்கு ரசீதும் கிடையாது. கேட்டு வாங்கத் தோன்றாதது என் தப்பு.

அவரைச் சொல்லி மட்டும் என்ன, உள்ளுக்குள் எனக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு அதைக் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறார். போகிற முப்பது பேரில் எத்தனை பேர் திரும்பி வந்தாலும் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

போன வாரம் அதே மையத்தில் படிக்கும் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். முழங்காலில் ஜவ்வு ஆபரேஷன் ஆனவன். வண்டியிலிருந்து விழுந்த காயம் என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்களாம். காலைக் காட்டச் சொன்னேன். முட்டிச் சில்லுக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தழும்பு, கருவி நுழைத்த இடம். நான் டாக்டர் இல்லை, எனக்கே தெரிகிறது. ஆபரேஷன் செய்த மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்த ஸ்கேன், இப்போது கால் எப்படி இருக்கிறது என்று ஒரு எலும்பு மருத்துவரின் கடிதம், மூன்றையும் வாங்கிக்கொண்டு அப்புறம் படிவத்தைத் தொடு என்றேன். நேற்று சம்மரி கிடைத்துவிட்டது என்று போன் செய்தான். ஸ்கேன் தட்டைத்தான் வீட்டில் எங்கே வைத்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறான்.